ஒரு தோல் பையின் கணக்கு

வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துத் தரிசுகளில் மஞ்சளாகப் பூக்கும் ஆவாரைக்கும் விலை உயர்ந்த தோல் கைப்பைக்கும் உறவு உண்டு, தெரியுமா?

பச்சைத் தோலை நீரிலிட்டுச் சூடாக்கினால், சுமார் 65 டிகிரி சென்டிகிரேடில் சுருங்கிவிடும். அதிலுள்ள கொலாஜன் என்னும் புரத இழைகள் குலைவதே காரணம். ஆவாரம்பட்டை, கடுக்காய் இவற்றிலுள்ள டானின் அந்த இழைகளைப் பிணைக்கிறது. அப்போது சுருங்கும் வெப்பநிலை 80 டிகிரியை ஒட்டி உயர்கிறது. குரோமிய உப்பில் பதனிட்ட தோலோ கொதிநீரையும் தாங்கும். பட்டைக்கு வாரக்கணக்கில் ஆகும் வேலை, குரோமியத்தில் ஓரிரு நாளில் முடியும். ஆலைகள் அதை நாடியதில் வியப்பில்லை.

ஆனால் வழக்கமான முறையில், போட்ட குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரோடு போகிறது. பாலாற்றுப் படுகையின் கிணற்றுநீரைத் தோல் ஆலைக் கழிவு கெடுத்ததால், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1996இல் தீர்ப்பாயிற்று. இத்தனைக்கும் அந்தக் குரோமியத்தை மீட்க வழி உண்டு. கழிவுநீரில் மக்னீசியம் ஆக்சைடைச் சேர்த்தால் அது படிந்துவிடும். படிவைக் கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடி பயன்படுத்தலாம்.

புதுச்சேரியில் 1978இல் தொடங்கிய ஹைடிசைன் நிறுவனம் தாவர முறைத் தோலுக்குப் பெயர் பெற்றது. அதற்காக அம்முறையில் குறையே இல்லை என எண்ணிவிடாதீர்கள். பட்டைக்குச் செடியை வெட்ட வேண்டும். டானின் கலந்த நீரும் எளிதில் சிதையாது.

1000 கிலோ பச்சைத் தோல் தருவது சுமார் 200 கிலோ பதனிட்ட தோலே. அதிலும் வெட்டும்போது ஓரங்கள் வீணாகின்றன. எவ்வளவு? பூவரச இலை ஒன்றை வரைபடத்தாளில் வைத்து ஓரத்தை வரையுங்கள். அதற்குள் 2 செ.மீ. சதுரங்கள் எத்தனை அடங்குகின்றன என்று பாருங்கள்.