புலி தேடிப் போன கான்ஹா

இந்தியாவுக்குச் சென்று வந்தேன் என்றால் நண்பர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்தாம்: எந்தெந்தக் கோயிலுக்குப் போனாய், சேலை என்ன விலை? காட்டுக்குப் போய் வந்தேன் என்று சொன்னதும் கேள்வி ஒன்றாகச் சுருங்கிவிட்டது. “புலியப் பார்த்தியா?” பார்த்தேன். இரண்டு நிமிடம்கூட இருக்காது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், புலிகள் காப்பகம் என்பது என்ன, அங்கே போவது எப்படி, போனால் எதைக் காணலாம் என்பவற்றைச் சொல்லிவிடுவது நல்லது. நெடுவிடுமுறையில் போக எண்ணுவோருக்குப் பயன்படும்.

நான் சென்றது மத்தியப் பிரதேசத்திலுள்ள கான்ஹா. மண்ட்லா, பாலாகாட் ஆகிய இரு மாவட்டங்களில், மைக்கால் குன்றுகளின் மேல் பரந்து கிடக்கும் காடு அது. ஜபல்பூர் விமான நிலையத்திலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். 1955ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1973இல் இந்திய அரசு புலிகள் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுத்த ஒன்பது காடுகளுள் இதுவும் ஒன்று. ஒவ்வொரு காப்பகத்திலும் இரண்டு பகுதிகள் உண்டு. மனிதக் குடியிருப்பு இல்லாமல் விலங்குகளுக்கென்றே விடப்பட வேண்டிய உட்பகுதி ஒன்று. அதைச் சுற்றி ஊர்களும் வயல்களும் காடும் கலந்து கிடக்கும் வெளிவட்டம் மற்றொன்று. கான்ஹாவின் உட்பகுதி மட்டும் 940 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூர் முழுவதையும் உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும்.

ஆனால் நம் தாமான் நெகாராவோ 4,343 சதுர கிலோமீட்டர். அங்கே வாழ்நாள் முழுவதும் நடந்தாலும் புலியைக் காண்பது அரிது. கான்ஹாவில் மூன்று நாளில் பார்த்துவிடலாம் என்கிறார்களே, ஏன்? எனக்கும் இந்த ஐயம் இருந்தது. விடை புல்லில் இருக்கிறது. நம் மழைக்காட்டில் உணவெல்லாம் உயரத்தில், கிளைகளில் இருக்கிறது. தரையில் வெளிச்சமே விழுவதில்லை, புல் இல்லை, ஆகவே மான் கூட்டங்களும் குறைவு. கான்ஹாவில் சால மரக்காடுகளுக்கு இடையிடையே பெரும் புல்வெளிகள் உள்ளன. (சால மரம் நம் மெராந்தியின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். முதல் நாள் அந்தக் காடு ஏதோ பழகிய இடம்போல் தோன்றியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.) புல் இருந்தால் மான் பெருகும்; மான் பெருகினால் புலி பெருகும். ஜார்ஜ் ஷாலர் என்னும் அறிஞர் 1960களில் இதே கான்ஹாவில் தங்கி ஆராய்ந்து, மானையும் புலியையும் பற்றி 1967இல் ஒரு நூல் வெளியிட்டார். காட்டுப் புலியை அறிவியல் முறைப்படி ஆராய்ந்த தொடக்க கால நூல்களுள் அது ஒன்று. மானைப் பற்றி எழுதாமல் புலியைப் பற்றி அவரால் எழுத முடியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி நடைமுறை. மாநில வனத்துறையின் இணையத்தளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். கடப்பிதழ் எண்ணைக் கொடுத்துத்தான் பதிவு செய்ய முடியும். வாயிலில் அதே கடப்பிதழைக் காட்ட வேண்டும். தங்கும் விடுதியில் மறந்து வைத்துவிட்டு வந்தால் அன்றைய பயணம் அவ்வளவுதான். காலையில் ஒரு சுற்று, பிற்பகலில் ஒரு சுற்று. புதன்கிழமை பிற்பகலில் விடுமுறை. மழைக்காலமாகிய ஜூலை முதல் செப்டம்பர் வரை உட்பகுதியை மூடிவிடுவார்கள். ஜிப்சி எனப்படும் திறந்த வண்டியில் பயணிகள் ஆறு பேர் வரை அமரலாம். ஓட்டுநரோடு வனத்துறை அனுமதி பெற்ற வழிகாட்டி ஒருவரும் கட்டாயம் வருவார். அவர் பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமத்தவர். குறிப்பிட்ட ஓரிரு இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியைவிட்டு இறங்கக் கூடாது.

எப்போது போகலாம்? புலியைக் காண்பதே நோக்கம் என்றால் ஏப்ரல், மே மாதங்கள். வெயில் கொளுத்தும், புதர்கள் காய்ந்துவிடும், புலிகள் நீர்நிலைகளைத் தேடி வரும். நாங்கள் போனது டிசம்பரில். வெப்பநிலை எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, புற்களின் மேல் உறைபனி படிந்திருந்தது. விடுதியில் ஆளுக்கொரு கம்பளியும் மடியில் வைத்துக்கொள்ள வெந்நீர்ப் பையும் கொடுத்தார்கள். ஈப்போ குளிரையே குளிர் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது நல்ல பாடம்.

வழிகாட்டி அடிக்கடி வண்டியை நிறுத்தச் சொல்வார். இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவோம். புலியைக் கண்ணால் தேடுவது வீண். காதால்தான் தேட வேண்டும் என்பது முதல் காலையிலேயே விளங்கிவிட்டது. புலியைக் கண்ட புள்ளிமான் கூர்மையான குரலில் விட்டுவிட்டுக் கூவும். மர உச்சியில் இருக்கும் சாம்பல் மந்திக்குத் தொலைவு தெரியும். அது இருமுவது போல் கத்தும். மந்திகள் உதிர்க்கும் இலையையும் பழத்தையும் தின்ன மான்கள் கீழே கூடும். மேலிருக்கும் காவலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் இவ்விரண்டும் சில வேளைகளில் வெறும் அசைவுக்கும் பயந்து கத்திவிடும். கடமான் அப்படியன்று. அது அடித்தொண்டையில் ஒருமுறை ஒலித்தால் வழிகாட்டியின் முகமே மாறிவிடும். “சாம்பர்” என்று மட்டும் சொல்வார். ஓட்டுநர் சாவியைத் திருப்பிவிடுவார்.

இரண்டாம் நாள் அப்படித்தான் ஓடினோம். எங்களுக்கு முன்பே பதினைந்து வண்டிகளாவது அங்கே நின்றன. ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து படமெடுக்க, ஓட்டுநர்கள் முன்னும் பின்னும் நகர்த்த, தூசு கிளம்ப, ஒரு பெண் புலி மூங்கில் புதரிலிருந்து வெளிவந்து பாதையைக் கடந்து மறுபுறம் போயிற்று. எங்களில் ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. உடல் சிலிர்த்தது உண்மை. அது போனபின் ஏற்பட்ட கூச்சமும் உண்மை. திருமண வீட்டில் அழைப்பில்லாமல் புகுந்தவர்கள் போல் இருந்தோம்.

இந்த நெரிசல் நீதிமன்றம் வரை போன விவகாரம். 2012 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம் காப்பகங்களின் உட்பகுதிகளில் சுற்றுலாவையே தற்காலிகமாகத் தடை செய்தது. அக்டோபரில் புதிய வழிகாட்டு நெறிகளோடு தடை நீங்கியது. உட்பகுதியில் 20 விழுக்காட்டுக்கு மேல் சுற்றுலாவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. சுற்றுலாவையே நிறுத்திவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆள் நடமாட்டமே இல்லாத காட்டில் வேட்டைக்காரன் வந்து போவதும் தெரியாது. ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் புலிகள் இருப்பதாகக் காலடித் தடங்களை வைத்துக் கணக்கெழுதி வந்தார்கள். 2005இல் பார்த்தால் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் தானியங்கிப் படக்கருவிகளைக் காட்டில் பொருத்தி, கைரேகை போல் புலிக்குப் புலி மாறுபடும் வரிகளை ஒப்பிட்டு எண்ணும் முறை நாடு தழுவிய கணக்கெடுப்புக்கு வந்தது. 2006இல் 1,411 என்று மதிப்பிடப்பட்ட இந்தியப் புலிகள் 2022 கணக்கெடுப்பில் 3,682 ஆகியிருந்தன. தீபகற்ப மலேசியாவில் நம் புலிகள் 150க்கும் குறைவு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை கடமானும் கத்தவில்லை, மந்தியும் கத்தவில்லை. அகன்ற புல்வெளி ஒன்றின் ஓரம் நின்றோம். நடுவில் பாராசிங்கா மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. பன்னிரண்டு கிளைக் கொம்பு என்பது அந்தப் பெயரின் பொருள். இந்த மான் ஏறக்குறைய புல்லை மட்டுமே தின்னும். கெட்டித்தரையில் வாழும் இதன் வகை உலகிலேயே கான்ஹாவில் மட்டும் எஞ்சி, 1970இல் 66 ஆகக் குறைந்துவிட்டது. இன்று கான்ஹாவில் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. வேறு காடுகளுக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அழிந்தே போயிருக்க வேண்டிய ஓர் உயிரை மீட்டெடுத்த கதை. வழிகாட்டி இதைப் பெருமையோடுதான் சொன்னார்.

புல்வெளியின் ஓரத்தில் நான்கைந்து பெரிய மாமரங்கள் ஒரே வரிசையில் நின்றன. காட்டு மரம் வரிசை பிடித்து வளருமா என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு இந்தியில் சொன்னார்; ஓட்டுநர் ஆங்கிலத்தில் விளக்கினார். “அங்கே ஊர் இருந்தது, சார். எங்க தாத்தா வீடு இருந்தது.”

கான்ஹாவின் புல்வெளிகள் பல, சோன்ஃப் போன்றவை, முன்பு ஊர்கள் இருந்த இடங்கள். 1960களின் இறுதியிலிருந்து பைகா, கோண்டு மக்களின் கிராமங்களை வெளியே மாற்றினார்கள். அவர்கள் உழுத வயல்களில் புல் முளைத்தது. அந்தப் புல்லைத்தான் பாராசிங்கா மேய்கிறது. பைகாக்கள் ஏர் பிடிப்பதைத் தாயின் மார்பைக் கிழிப்பதாகக் கருதியவர்கள். காட்டை வெட்டி எரித்து அந்தச் சாம்பலில் விதைப்பதே அவர்கள் வழக்கம். வெரியர் எல்வின் 1939இல் அவர்களைப் பற்றி ஒரு பெருநூலே எழுதியிருக்கிறார். அந்த வேளாண்மைக்கு முதலில் தடை போட்டது ஆங்கிலேய அரசு. பிறகு வந்தது காப்பகம். இன்றைய சட்டப்படி மக்களின் சம்மதம் இல்லாமல் ஊரை மாற்றக் கூடாது. 2008இல் குடும்பத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் என்று இழப்பீடு நிர்ணயித்தார்கள், 2021இல் அது பதினைந்தாயிற்று. வழிகாட்டியின் தாத்தா காலத்தில் இந்தச் சட்டமெல்லாம் இல்லை.

மாற்றியது தவறு என்று என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை. மாற்றாமல் இருந்திருந்தால் அந்த மான் இன்று இருந்திருக்குமா என்பது ஐயமே. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பக்கத்தை மட்டும் விளம்பரப் பலகைகளில் எழுதுகிறோம். எங்கள் பாட்டி வேலை செய்த தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியானபோது மிஞ்சியது கோயிலடி அரசமரம் ஒன்றுதான். அங்கே வீடு வாங்கியவர்களுக்கு அது நிழல் தரும் மரம். கான்ஹாவின் பசுமையைப் பார்த்து “மனிதன் கால் படாத காடு” என்று முதல் நாள் நான் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். அன்றிரவு அந்த வரியை அடித்துவிட்டேன்.

பையா, உங்கள் அப்பா இங்கே திரும்பி வந்ததுண்டா என்று கேட்டேன். ஒருமுறை வந்தாராம். கோடைக்கு முன் தீத்தடுப்புக்காகக் காய்ந்த புல்லை அகற்றும் கூலி வேலைக்கு வனத்துறை வண்டியில் ஆள் ஏற்றிச் சென்றபோது அவரும் ஏறிக்கொண்டார். உச்சி வேளையில் அந்த மரத்தடியில்தான் சாப்பிட உட்கார்ந்தாராம். காய்களை மந்திகள் முன்பே பறித்துவிட்டிருந்தன. கீழே விழுந்து கிடந்த ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, அப்போது போலவே புளிப்பு என்று வீட்டுக்கு வந்து சொன்னாராம்.