இடி விழுந்த சவுக்கு மரத்தை என்ன செய்வது?

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஒக்டோபர் மாதப் பின்னேரமொன்றில் இடி விழுந்த சவுக்கு மரத்தை மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். உச்சியிலிருந்து தூர் வரைக்கும் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை உரிந்து, உள்மரம் தோலுரித்த மரவள்ளிக் கிழங்குபோல வெளுத்துத் தெரிந்தது. தெறித்த சிராய்கள் பதினைந்து அடி தள்ளித் தேயிலை வாதுகளில் குத்தி நின்றன. கூடி நின்றவர்கள் இரண்டு கட்சி. "இன்னைக்கே வெட்டிப் போட்டுறணும்" என்றது ஒன்று. "முனி இறங்கின மரம், கைவைக்கப்படாது" என்றது மற்றது. காரணம் எதுவானாலும், முனி கட்சி சொன்னதுதான் மரத்துக்கு நல்லது.

(சமவெளியில் சவுக்கு என்பது வேறு மரம். தோட்டத்தில் நாம் சொல்வது அவுஸ்திரேலியாவிலிருந்து நிழலுக்காகக் கொண்டுவந்த கிரெவிலியா, சிங்களத்தில் சபுக்கு.)

மலைநாட்டில் இடிக்கு இரண்டு பருவம்: மார்ச், ஏப்ரல் ஒன்று, ஒக்டோபர், நவம்பர் இன்னொன்று. இரண்டும் பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். சூடேறிய ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறி மேகமாகத் திரண்டு, இரண்டு மணிக்குமேல் முழங்கத் தொடங்கும். இடுப்பளவுத் தேயிலைக்கு நடுவே தலைநிமிர்ந்து நிற்பவை சவுக்கும் அல்பீசியாவும்தான். மின்னல் வேறெதைத் தேடும்?

மின்னல் ஓடும் பாதையின் வெப்பம் சுமார் 30,000 பாகை செல்சியஸ். மரத்தில் அது தேர்ந்தெடுக்கும் வழி பட்டைக்கு அடியிலுள்ள ஈரப்படலம். அந்த ஈரம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் ஆவியாகி, வெளியேற இடமில்லாமல் பட்டையைப் பிய்த்தெறிகிறது. மழையில் நன்றாக நனைந்த வழுவழுப்பான பட்டையாக இருந்தால், மின்சாரம் வெளிப்புறமாகவே வழிந்து போய்விடுவதும் உண்டு. சில மரங்களில் ஒரு கீறல்கூட இருக்காது. ஆனால் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் காய்ந்து சாகும். ஆகவே காயத்தின் அளவை வைத்து மரத்தின் ஆயுளைச் சொல்ல முடியாது.

எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது காலடியை. மின்சாரம் வேர் வழியாக மண்ணில் பரவும். பக்கத்துச் செடிக்குத் தாவும். பனாமாவின் பாரோ கொலராடோ தீவுக் காட்டில் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, ஒரு மின்னல் சராசரியாக இருபதுக்கு மேற்பட்ட மரங்களைப் பாதித்து, ஐந்தாறு மரங்களை ஓராண்டுக்குள் கொன்றது தெரியவந்தது. தேயிலை மலையிலும் இதே கதைதான்: சவுக்கைச் சுற்றி ஒரு வட்டத்துக்குச் செடிகள் சில நாட்களில் கருகும். இதை வேர்நோய் என்று எண்ணி மருந்துக்கு அலைவார்கள். வேறுபாடு எளிது. இடியில் செடிகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கருகும், வட்டம் அதோடு நின்றுவிடும். வேர்நோய் ஒவ்வொரு செடியாக, மாதங்கள் எடுத்து, வெளிநோக்கி நகரும். வேரைத் தோண்டினால் பூஞ்சணம் தெரியும்.

மரத்துக்கு முதல் வேலை, முறிந்து தொங்கும் கிளைகளை இறக்குவது. அதுவும் லயம், பாதை, கொழுந்து மடுவம் இவற்றின் பக்கம் சாய்ந்தவற்றை அன்றைக்கே. பிறகு பொறுத்திருங்கள். உரிந்தும் உரியாமலும் ஈரமாகத் தொங்கும் பட்டையை அழுத்தி வைத்து, நனைத்த சாக்கால் மூடிக் கட்டலாம். தாரோ பெயின்ட்டோ பூசுவதால் பயனில்லை. ஒரு பக்கம் மட்டும் கோடு விழுந்த மரம் பெரும்பாலும் தப்பிவிடும். இரண்டு பக்கமும் பட்டை வெடித்து, தண்டும் பிளந்திருந்தால் தேறாது. இடைப்பட்டவற்றுக்கு ஒரு தளிர்ப் பருவம் தவணை கொடுத்துப் பார்க்கலாம். லயத்துக்கு மேலே நிற்கும் மரத்துக்கு மட்டும் இந்தத் தவணை கிடையாது.

செத்துப்போனால் வெட்டி விறகாக்கிவிட்டு அடிக்கட்டையை விட்டுவிடுவதுதான் நம் வழக்கம். பெரிய தவறு அங்கேதான் நடக்கிறது. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதல் பணிப்பாளரான டொம் பெச், 1923இல் வெளியிட்ட தேயிலை நோய்கள் பற்றிய நூலின் காலத்திலேயே, மண்ணில் விட்ட சவுக்குக் கட்டையிலிருந்து உஸ்டுலினா என்ற வேரழுகல் பூஞ்சணம் தேயிலைக்குப் பரவுவதைச் சுட்டிக்காட்டினார். அதனால்தான் நிழல்மரத்தை அகற்றுவதற்கு நெடுநாள் முன்பே தூரில் பட்டையை வளையமாகச் சீவிவிடும் முறை வந்தது: வேரிலுள்ள மாச்சத்து தீர்ந்துபோனால் பூஞ்சணத்துக்குத் தீனி இல்லை. இடியில் பட்டென்று சாகும் மரத்துக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. வேர் நிறைய மாச்சத்தோடு சாகிறது. கட்டையையும் பெருவேர்களையும், கருகிய தேயிலையின் வேர்களையும் தோண்டி எடுத்தே ஆகவேண்டும். வெற்றிடம் பெரிதானால் குவாத்தமாலா அல்லது மானாப் புல் போட்டு மண்ணைத் தேற்றிய பிறகு கன்று வைக்கலாம்.

மரத்துக்கு இடிதாங்கி கட்ட முடியுமா? முடியும். உச்சியிலிருந்து செம்புக் கம்பியைத் தண்டு வழியாக இறக்கி, தூரிலிருந்து தள்ளி, ஆழமாக மண்ணில் புதைத்த கோலில் இணைப்பார்கள். அது இடியைத் தடுக்காது. மரத்தைத் தொடாமல் இறங்க வழிவிடும். நம் கல்லு மண்ணில் கோல் சரியாக இறங்கியதா என்று மின்தொழில் தெரிந்தவர் அளந்து பார்க்காவிட்டால் கட்டியும் பயனில்லை. மலைக்கு மலை நிற்கும் சவுக்குக்கெல்லாம் இது கட்டுப்படியாகாது. கோயில் மரத்துக்கும், 1861இல் தொடங்கிய ஹக்கலை பூங்கா போன்ற இடங்களின் முதுமரங்களுக்கும் செய்யலாம். ஒன்று மட்டும்: செம்பை இடியிலிருந்து காப்பதைவிடப் பழைய இரும்புக்காரர் கண்ணிலிருந்து காப்பது சிரமம்.

இடிதாங்கி கட்டிய மரமானாலும் அதன் அடியில் ஒதுங்கக்கூடாது. தண்டிலிருந்து ஆளுக்குத் தாவும். நிலத்தில் பரவி இரண்டு கால்களுக்கு இடையே பாயும். ரப்பர் பூட்ஸ் காப்பாற்றாது. சுவரில்லாத தகரக் கூரை மடுவமும் நம்பத் தகுந்த இடமல்ல. முழக்கம் காதில் விழுந்தாலே கூடையை இறக்கிவிட்டு நாற்புறமும் சுவருள்ள கட்டடத்துக்குள் போகவேண்டும். கடைசி முழக்கத்துக்குப் பின் அரை மணி நேரம் வெளியே வரக்கூடாது. அடிபட்டவரைத் தொட்டால் மின்சாரம் பாயாது. மூச்சு நின்றிருந்தால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், 1990க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

இத்தனையும் தெரிந்தவர்கள்கூட மலையில் நிற்பது, பாதியில் இறங்கினால் அரைப்பேர்தான் (அரைநாள் சம்பளம்தான்) விழும் என்பதற்காக. தோட்டத் துரைமாரிடம் ஒரு வேண்டுகோள்: இடி முழங்கி இறங்கிய நாளில் முழுப்பேர் போடுங்கள்.