கயிறு இழுக்க ஆள் வேண்டும்!

முன்பின் தெரியாதவரோடு நீங்கள் வாதாடியதுண்டா? "ஐயையோ, இல்லை!" என்று சொல்லாதீர்கள். ரயிலில் எதிர் ஆசனத்துக்காரரிடம் அரசியலில் ஆரம்பித்து, கார் ஓட்டுவதில் யார் கெட்டிக்காரர் என்று சண்டை பிடித்து, கடைசியில் முழங்கால் வலிக்கு ஒரு கை மருந்தும் கேட்டுக்கொண்டு இறங்காதவர் நம்மில் யார்?

அதெல்லாம் வெட்டிப் பேச்சு என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால், ஜெர்மனியில் உள்ள வாஸர்குப்பே என்ற மலையின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

முதல் உலக யுத்தத்தில் தோற்ற ஜெர்மனி, போர் விமானப் படை வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1919-இல் வெர்ஸேல்ஸ் உடன்படிக்கை விதித்தது. விமானம் கட்டுவதற்கும் தடைகள் வந்தன. ஆனால் எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதக்கும் கிளைடருக்குத் தடை இல்லை! விமானப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியரான ஆஸ்கார் உர்ஸினஸ் 1920-இல் ஒரு போட்டிக்கு அழைப்பு விடுத்தார். 950 மீட்டர் உயரமுள்ள அந்த மலைக்கு மாணவர்களும், யுத்தத்தில் விமானம் ஓட்டியவர்களும் வந்து சேர்ந்தார்கள். ஒருவரையொருவர் அறியாதவர்கள் எத்தனையோ பேர்.

சிறகு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும், காற்று எங்கே மேலே எழும்பும் என்பதில் ஆளுக்கொரு கட்சி. ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். கிளைடரை ஒருவர் தனியாகக் கிளப்ப முடியாது. மூக்கில் ரப்பர் கயிற்றை மாட்டி, இரு பக்கமும் ஆட்கள் பிடித்துக்கொண்டு சரிவில் ஓட வேண்டும். கவணிலிருந்து கல் பாய்வது போல அது பாயும். நேற்று இரவு உங்களோடு வாதாடியவர் இன்று காலையில் கயிறு இழுத்தால்தான் நீங்கள் பறக்கலாம்!

பலன்? 1920-இல் கிளெம்பரர் என்ற இளைஞர் பறந்தது 2 நிமிஷம் 22 விநாடி. இரண்டே ஆண்டுகளில், 1922-இல், மார்ட்டென்ஸ் என்பவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பறந்தார். அதே மாதத்தில் ஹென்ட்ஸன் மூன்று மணியைத் தாண்டினார். 1926-இல் மாக்ஸ் கேகல் என்பவரை இடிமேகம் ஒன்று உறிஞ்சி எடுத்துக்கொண்டு போய்விட்டது. சுமார் 55 கிலோமீட்டருக்கு அப்பால் அவர் பத்திரமாக இறங்கினார். மேகத்துக்கு அடியில் காற்று மேலே ஏறுகிறது என்பதை இனி யார் மறுப்பது?

ஆனால் மெதுவாக ஏறுகிறோமா, இறங்குகிறோமா என்பது உடம்புக்குத் தெரியாது. அதற்கு ஒரு கருவியை லிப்பிஷ் என்ற நிபுணர் யோசனையாகச் சொல்ல, ராபர்ட் கிரான்பெல்டு 1928-இல் அதைத் தம் கிளைடரில் வைத்துப் பறந்தார். அந்த மாதிரிக் கருவிகளில் ஒரு முக்கிய உறுப்பு எது தெரியுமா? நாம் காப்பி ஊற்றி வைக்கும் பிளாஸ்க்! மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், பிளாஸ்கிலுள்ள காற்று மெல்லிய குழாய் வழியாக வெளியேறும், முள் நகரும். கிரான்பெல்டு 1929-இல் 100 கிலோமீட்டரைத் தாண்டினார். 1931-இல் இங்கிலீஷ் கால்வாயை ஒரே நாளில் போகவும் வரவும் கடந்தார்.

பிறகு 1933 வந்தது. ஆட்சியைப் பிடித்த நாஜிகள் கிளைடர் சங்கங்களையும் தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள். கிரான்பெல்டு யூதர். எப்படிப் பறக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்ட நாட்டில், நீ யார் என்ற கேள்வி எழுந்துவிட்டது. அவர் வெளியேறி, கடைசியில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் அவருடைய அறிவு பிரிட்டிஷ் விமானப் படைக்குப் பயன்பட்டது. 1948-இல் ஒரு புது மாதிரிக் கிளைடரைப் பரிசோதிக்கும்போது அவர் உயிரிழந்தார்.

வாதத்தினால் அந்த மலை எதையும் இழக்கவில்லை. வாதாட வருகிறவனை வாசலிலேயே நிறுத்திய பிறகுதான் இழந்தது.

ஆகையால், அடுத்த பிரயாணத்தில் எதிர் ஆசனத்துக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இந்த அரசாங்கம் இருக்கிறதே..." என்று ஆரம்பித்தால், முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். நன்றாகச் சண்டை போடுங்கள். பிளாஸ்கைத் திறந்து அவருக்கும் ஒரு வாய் காப்பி கொடுங்கள்!