காணாமல்போன எண்ணைக் கண்டுபிடிக்கும் கணக்கு

ஹைதராபாத்தில் போவன்பள்ளியை ஒட்டியிருக்கிறது பாலாநகர். அங்கேதான் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் இருக்கிறது. நம் செயற்கைக்கோள்கள் எடுக்கும் பூமிப் படங்களை ஷாத்நகரில் உள்ள பெரிய ஆன்டெனாக்கள் வாங்கிக்கொள்கின்றன. அவற்றைப் பத்திரப்படுத்துவது இந்த மையத்தின் வேலை. அப்படிப் படம் எடுக்கும் ஐ.ஆர்.எஸ். வரிசையின் முதல் செயற்கைக்கோள் 1988 மார்ச் 17 அன்று ஏவப்பட்டது. அது பார்த்த ஏரி ஒன்றில் இன்று வீடுகள் நிற்கலாம். அந்தப் பழைய படம் அழிந்துபோனால் யாராலும் மறுபடி எடுக்க முடியாது, இல்லையா?

ஆனால் தகவலைச் சேமித்துவைக்கும் ஹார்டு டிஸ்க் என்றாவது ஒருநாள் கெடத்தான் செய்யும். அதே 1988இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். விலை குறைந்த பல டிஸ்க்குகளைக் கூட்டாக வேலை செய்யவைத்து, ஒன்று கெட்டாலும் தகவல் போகாமல் காப்பது எப்படி என்பதே அதன் கரு. அந்தக் கூட்டத்துக்கு ‘ரெய்டு’ என்று பெயர்.

அதன் அடிப்படை நீங்களே போடக்கூடிய கணக்குதான். கணினிக்குத் தெரிந்தது 0, 1 இரண்டு மட்டும். நான்கு டிஸ்க்குகளில் ஒரே வரிசையில் 1, 0, 1, 1 என்று இருக்கட்டும். கூட்டினால் 3, ஒற்றைப்படை. ஐந்தாவது டிஸ்க்கில் 1 எழுதினால் மொத்தம் 4, இரட்டைப்படை ஆகிவிடும். எல்லா வரிசையிலும் மொத்தம் இரட்டைப்படையாகவே இருக்க வேண்டும் என்பது விதி. இப்போது மூன்றாவது டிஸ்க் கெட்டுவிட்டது. மிச்சம் இருப்பவை 1, 0, 1, 1. கூட்டு 3. ஆக, போனது 1! கெட்ட டிஸ்க்கைத் தொடவே இல்லை. மற்ற நான்கும் சேர்ந்து அதைச் சொல்லிவிட்டன.

புது டிஸ்க்கைச் செருகினால் இந்தக் கணக்கைக் கோடிக்கோடி முறை போட்டு அதை நிரப்ப வேண்டும். 16 டெராபைட் டிஸ்க்கில் நொடிக்கு 200 மெகாபைட் எழுதினாலும் 80,000 நொடி, அதாவது 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் மற்ற டிஸ்க்குகள் ஓயாமல் உழைக்கின்றன. அவையும் பெரும்பாலும் ஒரே நாளில் வாங்கிய, அதே வயதுடையவை. இரண்டாவது டிஸ்க் விழும் ஆபத்து அதிகம் இருப்பது இந்த நேரத்தில்தான்.

அப்போது வரிசைக்கு இரண்டு எண் காணோம். விதி ஒன்றுதான் இருக்கிறது, கணக்குப் போட முடியாது. எல்லாம் போயிற்றா? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ‘கெட்டுவிட்டது’ என்று ஒதுக்கப்பட்ட டிஸ்க் பல சமயம் முழுதாகக் கெட்டிருக்காது. சில இடங்களைப் படிக்கத் திணறியிருக்கும். பொறுமையிழந்த கட்டுப்பாட்டுக் கருவி அதை வெளியே தள்ளியிருக்கும். ஒரு டிஸ்க்கில் 5ஆவது வரிசை மட்டும் படிக்க முடியவில்லை, இன்னொன்றில் 900ஆவது வரிசை மட்டும் என்றால், எந்த வரிசையிலும் தொலைந்தது ஒரே ஒரு எண்தான். கணக்கு மறுபடி வேலை செய்யும்!

அதனால் தகவலை மீட்பவர்கள் முதலில் இயந்திரத்தை நிறுத்துகிறார்கள். எந்த டிஸ்க் எந்தப் பொந்தில் இருந்தது என்று எண் எழுதி ஒட்டுகிறார்கள். இடம் மாறினால் வரிசைகள் குழம்பிவிடும். பிறகு ஒவ்வொன்றையும் படிக்க முடிந்தவரை புது டிஸ்க்குக்குப் படியெடுத்து, கணக்கை அந்தப் படியில்தான் போடுகிறார்கள். அசலில் ஒரு எழுத்துகூட எழுத மாட்டார்கள். முதலில் விழுந்த டிஸ்க்கிடம் மட்டும் கூடுதல் எச்சரிக்கை: அது விழுந்த பிறகு மற்றவற்றில் எழுதியது எதுவும் அதற்குத் தெரியாது, பழைய எண்ணையே சொல்லும்.

சரி, பென்சிலை எடுங்கள். முதல் வரிசை: 0, 1, ?, 1, 1. இரண்டாம் வரிசை: 1, ?, 1, 0, 0. இரண்டு டிஸ்க்குகள் பழுது. இரண்டு எண்களையும் மீட்டுவிடுவீர்களா?