எந்த நாட்டுக்குப் போனால் பத்திரம் திரும்பி வரும்?

வீட்டுப் பத்திரம் பெட்டியில் இருக்கிறது. அதைப் பாங்கியில் அடகு வைத்தால் மகள் வெளிநாடு போகலாம்.

மகள் என்ஜினீயரிங் முடித்துவிட்டாள். மேல்படிப்புக்கு ஆசைப்படுகிறாள். எந்த நாடு?

"அமெரிக்காதான்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "லண்டனுக்கு அனுப்புங்கள்" என்கிறார் மாமா. "ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்கிறாள் தோழி.

அப்பா ஒன்றே ஒன்று கேட்கிறார்:

"எந்த நாட்டுக்குப் போனால் இந்தப் பத்திரம் திரும்பி வரும், சொல்லம்மா?"

தமிழ்நாட்டில் பல வீடுகளில் நடக்கும் பேச்சு இது. அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி.

எத்தனை ஆண்டு?

இங்கிலாந்தில் பெரும்பாலான எம்.எஸ்ஸி. படிப்புகள் ஒரே ஆண்டில் முடிந்துவிடும். அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் பொதுவாக இரண்டு ஆண்டுகள் ஆகும்.

ஓர் ஆண்டு என்றால் ஓர் ஆண்டு வாடகையும் சாப்பாட்டுச் செலவும் மிச்சம். ஆனால் வேலை தேடுவதற்கும் நேரம் குறைவு. பல பெரிய கம்பெனிகள் அடுத்த ஆண்டு வேலைக்கு முந்திய ஆண்டே மனு வாங்கிவிடும். போய் இறங்கிய கையோடு மனுப் போட வேண்டும்!

இலவசம் என்றால் இலவசமா?

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. இது உண்மை.

ஆனால் சாப்பாடும் வாடகையும் இலவசம் அல்ல. ஓர் ஆண்டுச் செலவுக்கு 11,904 யூரோவைத் தனிக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும் என்று 2024 செப்டம்பரில் விதி வந்தது. அன்றைய மதிப்பில் இது சுமார் 11 லட்சம் ரூபாய். அதிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும்.

எல்லா மாநிலங்களும் ஒன்று போல இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017-ல் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணம் விதித்தது. ஐரோப்பியக் கூட்டமைப்பைச் சேராதவர்கள் ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும்.

இன்னொன்று. பாடம் ஆங்கிலத்தில் நடக்கலாம். ஆனால் வேலை கேட்டுப் போனால், பல இடங்களில் ஜெர்மன் தெரியுமா என்றுதான் கேட்பார்கள்!

அண்ணன் கதை தம்பிக்கு உதவாது

ஒரு காலத்தில் சுவீடனிலும் படிப்பு இலவசம். 2011-ல் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணம் வந்தது. பின்லாந்தில் 2017-ல் வந்தது. நார்வேயில் 2023-ல் வந்தது.

கனடாவில் மாணவர் கையில் காட்ட வேண்டிய செலவுப் பணம் 10,000 டாலராக இருந்தது. 2024 ஜனவரியில் அது 20,635 டாலர் ஆயிற்று. அதே மாதம் இங்கிலாந்தும் விதியை மாற்றியது. எம்.எஸ்ஸி. போன்ற வகுப்புப் படிப்புக்குப் போகிறவர், மனைவி மக்களை உடன் அழைத்துச் செல்ல முடியாமல் போயிற்று.

ஆகவே, ஐந்து ஆண்டுக்கு முன் போனவர் சொல்வதை மட்டும் நம்பக்கூடாது. ஏஜண்டு சொல்வதையும் அப்படியே நம்பக்கூடாது. அந்த நாட்டு அரசாங்கத்தின் அறிவிப்பைப் பார்க்க வேண்டும்.

படித்த பிறகு?

2025-ஆம் ஆண்டு விதிகள் இவை:

அமெரிக்காவில் படித்தவர் அங்கே 12 மாதம் வேலை பார்க்கலாம். விஞ்ஞானம், என்ஜினீயரிங், கணிதம் போன்றவை படித்தவர்கள் மேலும் 24 மாதம் கேட்கலாம். அதற்குப் பிறகு வேறு விசா வேண்டும். அதற்கு மனுக்கள் அதிகம். எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

ஜெர்மனியில் வேலை தேட 18 மாதம் உண்டு. இங்கிலாந்தில் இரண்டு ஆண்டு. 2027 ஜனவரி முதல் மனுச் செய்பவர்களுக்கு அது 18 மாதமாகக் குறையும் என்று அந்த அரசு அறிவித்தது.

வட்டி தூங்காது

படிப்புக் கடனைப் பொதுவாகப் படிப்பு முடிந்த பிறகு அடைக்கத் தொடங்கலாம். ஆனால் பணம் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

டாலர் விலையும் ஏறும். 2014-ல் ஒரு டாலர் சுமார் 61 ரூபாய். 2024-ல் சுமார் 84 ரூபாய். அங்கேயே வேலை கிடைத்தால் இந்த ஏற்றம் லாபம். கிடைக்காமல் திரும்பினால், ரூபாயில் சம்பாதித்துத்தான் கடனை அடைக்க வேண்டும்.

இரண்டு கணக்கு

ஆகவே ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு கணக்குப் போட வேண்டும். அங்கே வேலை கிடைத்தால் என்ன? கிடைக்காவிட்டால் என்ன?

மகள் ஒரு நோட்டில் இரண்டு கணக்கையும் போட்டாள். முதல் கணக்கில் எல்லா நாடும் லாபம்! இரண்டாவது கணக்கில்தான் வித்தியாசம் தெரிந்தது.

நோட்டை மூடிவிட்டுச் சொன்னாள்:

"அப்பா, ஒரு வருஷம் இங்கேயே வேலை பார்க்கிறேன். மாலையில் ஜெர்மன் படிக்கிறேன். கொஞ்சம் பணம் சேரட்டும். அப்புறம் போனால் கடன் பாதியாகக் குறையும்."

அப்பா பத்திரத்தைத் திரும்பப் பெட்டியில் வைத்தார். இந்த ஓர் ஆண்டு அது அங்கேயே இருக்கும்.