வீட்டுத் தொட்டியில் தேநீர்ப் புதினா: வளர்த்தலும் பிரித்து நடுதலும்

சந்தையில் வாங்கிய புதினாக் கட்டிலிருந்து இரண்டு தண்டுகளை எடுத்துத் தகரப்பேணியில் ஊன்றி வைப்பதும், அது சில மாதங்கள் செழித்துப் பின் நடுவில் மொட்டையாகிப் பட்டுப்போவதும் லிந்துலைப் பகுதித் தோட்ட லயங்களில் புதுமையன்று. அவ்வாறு பட்டுப்போகுமிடத்து, நட்டவருக்குக் கைராசி இல்லை என்று கூறி விட்டுவிடுவர். உண்மையில் இதில் கைராசிக்கு இடமில்லை. புதினா ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் செடியன்று. மண்ணுக்கடியில் ஓடுதண்டு விட்டு, ஆண்டுதோறும் புது மண்ணைத் தேடிச் செல்லும் இயல்புடையது. தொட்டியில் அகப்பட்ட ஓடுதண்டு சுவரில் முட்டி, அதனைச் சுற்றிச் சுற்றி ஓடி, ஈற்றில் தன் வேரைத் தானே நெரிக்கின்றது. ஆகையால் தொட்டிப் புதினாவைப் பிரித்து நடுதல் செடியைப் பெருக்குவதற்கு மட்டும் உரிய வேலையன்று. அதனை உயிரோடு வைத்திருப்பதற்கே இன்றியமையாத வேலையாகும்.

வீட்டினுள் வளர்ப்பதேன்?

லிந்துலையில் வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையையும் மூடுபனியையும் கொணர்கின்றது. தை, மாசி இரவுகளில் அண்டையிலுள்ள உயர்ந்த பள்ளத்தாக்குகளில் உறைபனியும் விழுவதுண்டு. இவ்விரண்டும் திறந்த வெளியிலுள்ள இளந்தளிரைக் கெடுக்கும். இவற்றினும் முக்கியமான காரணம் ஒன்றுளது. லயத்தின் ஓரத்திலேயே தேயிலை நிற்குமிடங்களில், களைகொல்லியும் பூச்சிமருந்தும் தெளிக்கும்போது அவற்றின் தூவானம் காற்றில் வந்து படியலாம். பச்சையாகப் பறித்து நீரிலிட்டுப் பருகும் இலைக்கு இது ஒருபோதும் ஆகாது. இஸ்தோப்பின் உட்புறமோ யன்னற்படியோ இதற்குப் பாதுகாப்பான இடமாகும்.

எனினும் காம்பராவின் இருளில் அடுப்புப் புகைக்கருகே வைத்தலாகாது. நாளொன்றுக்கு நான்கு மணிநேரமாவது நல்ல வெளிச்சம் வேண்டும். தண்டு வெளிறி நீண்டு யன்னற்பக்கம் சாயுமாயின் வெளிச்சம் போதாதென அறிந்துகொள்க. இரண்டு மூன்று நாட்களுக்கொருமுறை தொட்டியைக் காற்சுற்றுத் திருப்பி வைத்தால் செடி நேராக வளரும்.

தொட்டியும் மண்ணும்

ஓடுதண்டு ஆழத்தில் ஓடாது, அகலத்திலேயே ஓடும். ஆதலின் ஆழமான பேணியைக் காட்டிலும் 25 சென்ரிமீற்றர் அகலமுள்ள பழைய எனாமற் கோப்பையோ பிளாத்திக்குக் கோப்பையோ சிறந்தது. அடியில் நான்கைந்து துளைகள் இடுதல் வேண்டும். களைகொல்லி, பூச்சிமருந்து இருந்த கலன்களை எத்தனை முறை கழுவினாலும் பயன்படுத்தலாகாது. கலனின் சுவரில் ஊறிய நஞ்சு கழுவுவதால் முற்றாக நீங்குவதில்லை.

தேயிலை விரும்பும் மண் புளிப்பு மண்ணாகும். அதன் அமில காரக் குறியெண் 4.5க்கும் 5.5க்கும் இடைப்பட்டது. புதினாவுக்கோ 6க்கும் 7க்கும் இடைப்பட்ட மண்ணே உகந்தது. தேயிலைத் தூரடியில் அள்ளிய மண்ணை அப்படியே இட்டால் செடி குன்றி மஞ்சளிக்கக் காரணம் இதுவே. மேல்மண் இரண்டு பங்கு, உக்கிய சாணமோ கூட்டெருவோ ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு எனக் கலந்து, ஒரு தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி டொலமைற்று சேர்த்தால் போதும். டொலமைற்று கிடையாதவிடத்து அடுப்புச் சாம்பல் இரண்டு தேக்கரண்டி இடலாம். இரண்டையும் ஒருங்கே இடவேண்டியதில்லை. தேநீர்ச் சக்கையை நாள்தோறும் தொட்டியின் மேற்பரப்பிற் கொட்டும் பழக்கம் பலரிடமுண்டு. ஈரச் சக்கை பூஞ்சணம் பிடித்துச் சிறு கொசுக்களுக்கு இடமாவதால் அதைக் கூட்டெருக் குழியிற் சேர்ப்பதே முறை.

முதற் செடி பெறுதல்

விதைக்கு அலைய வேண்டியதில்லை. புதினாக்களில் சில கலப்பினங்களாதலின் விதை தருவதில்லை. தருவனவும் தாய்ச் செடியின் மணத்தைத் தருமென்பது உறுதியன்று. நல்ல தேயிலைச் செடியை விதையாலன்றித் தண்டுத் துண்டாற் பெருக்குவதற்கும் காரணம் இதுபோன்றதே. 1925இல் நிறுவப்பட்டுத் தலவாக்கலை சென்கூம்சிலே இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் டி.ஆர்.ஐ. 2025 போன்ற இனங்கள் தவறணைகளில் இவ்வாறே பெருக்கப்படுகின்றன. தவறணையில் வேலை செய்தவர்க்குப் புதினா மிக எளிது. பத்துச் சென்ரிமீற்றர் நீளமுள்ள தண்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடியிலைகளை நீக்கி, நீருள்ள போத்தலில் நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரங்களில் வேர்விடும். குளிர் மிகுந்த காலத்திற் சில நாட்கள் கூடுதலாகலாம். தேயிலைத் துண்டு நாற்றாவதற்குப் பல மாதங்கள் காத்திருப்போருக்கு இது பெரிதன்று.

பிரித்து நடும் முறை

பிரிப்பதற்கேற்ற காலம் சித்திரையாகும். வரட்சி தணிந்து, பெருமழை தொடங்குமுன் புதிய வேர் ஊன்றிக்கொள்ளப் போதிய நாட்கள் கிடைக்கும். வேகமாக வளர்ந்து தொட்டியை நிரப்பிய செடியை ஐப்பசியில் மீண்டும் ஒருமுறை பிரிக்கலாம். ஆனி, ஆடியில் வெயில் குறைந்து ஈரம் மிகுவதால் வெட்டிய இடம் அழுகும். அக்காலத்தில் தொடாமலிருத்தல் நன்று.

முதல்நாள் மாலை நீரூற்றுக. மறுநாள் தொட்டியைச் சரித்துத் தட்டினால் மண்கட்டி முழுதாகக் கழன்று வரும். அதன் ஓரத்தில் வெள்ளைக் கயிறுபோற் சுற்றிய ஓடுதண்டுகள் தெரியும். நடுப்பகுதி விறகுபோல் முற்றித் தளிரின்றி இருக்கும். பலர் செய்யும் தவறு, பெரிய தூரென்று கருதி அந்த நடுப்பகுதியைக் காப்பாற்றி ஓரத்தை வெட்டி எறிவதாகும். செய்யவேண்டியது இதற்கு நேர்மாறானது. இளமை ஓரத்திலேயே உளது. கூரிய கத்தியால் ஓரப்பகுதியைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று தளிரும் வேரும் இருக்குமாறு பார்த்துக்கொள்க. புது மண்ணில் மூன்று சென்ரிமீற்றர் ஆழத்திற் கிடையாகப் பதித்து, மேலுள்ள தண்டைப் பாதியாக வெட்டுதல் வேண்டும். வேர் குறைந்த செடி முழு இலையையும் தாங்காது. ஒரு தொட்டிக்கு மூன்று துண்டுகளுக்கு மேல் வேண்டாம். ஒருவாரம் நிழலில் வைத்துப் பின் வெளிச்சத்திற்கு மாற்றலாம். நாலைந்து வாரங்களுக்கு இலை பறித்தலாகாது.

எஞ்சிய துண்டுகளை அயல்வீட்டாருக்குக் கொடுக்குமுன் இலையின் அடிப்புறத்தைப் பார்த்தல் அவசியம். செம்மஞ்சட் பொடிபோன்ற புள்ளிகள் காணப்படின் அது துருநோய். மூடுபனியும் காற்றோட்டமின்மையும் இதனை வளர்க்கும். நோய்ச்செடியைப் பிரித்துக் கொடுத்தால் லயம் முழுவதற்கும் நோயைப் பங்கிட்டதாகும். அச்செடியை மண்ணோடு அகற்றி எரித்துவிட்டு, வேறிடத்தில் நலமான தண்டு பெறுக. நீரைக் காலையில் மண்ணிலே ஊற்றுவதும், இலைமேல் தெளியாதிருப்பதும் நல்ல காப்பாகும்.

பூனைப்புதினா எனத்தக்க இன்னொரு செடி ஐரோப்பியரால் மூலிகைத் தேநீருக்கு வளர்க்கப்படுகின்றது. இதுவும் புதினாக் குடும்பத்ததே. இதன் மணம் பல பூனைகளை மயக்கித் தொட்டியின்மேற் புரளச் செய்யும். விதை கிடைத்தோர் மணல் சற்று மிகுந்த மண்ணில், குறைந்த நீரில் வளர்க்கலாம். இது ஓடுதண்டு விடாது தூர்கட்டும். ஆதலின் தூரையே வேரோடு இரண்டு மூன்றாகப் பிளந்து நடுதல் வேண்டும்.

பறித்தலும் பருகுதலும்

கொழுந்து எடுக்கும் கைக்குப் புதினா பறிக்கக் கற்பிக்க வேண்டியதில்லை. நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கத்தளிர் வரும். பூ அரும்புமுன் கிள்ளினால் மணம் மிகும். ஒருமுறையில் செடியின் மூன்றிலொரு பங்கிற்கு மேல் எடுத்தலாகாது. இப்பகுதியின் ஈரக்காற்றில் இலையை உலர்த்துதல் கடினம். அடுப்பின்மேற் கட்டினால் புகைநாற்றம் ஏறும். பச்சையாகவே பயன்படுத்துக. எட்டுப் பத்து இலைகளைக் கசக்கி, கொதிநீர் ஒரு கோப்பை ஊற்றி, ஐந்து நிமிடம் மூடிவைத்தாற் போதும். இலையை நீரோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும்.

மூலிகையாதலின் எப்போது பருகினாலும் தீங்கில்லை என்பது தவறான எண்ணம். சாயத் தேநீரைப்போலவே புதினா நீரும் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும். 1999இல் வெளியான ஓர் ஆய்வு, உணவோடு பருகிய புதினா நீர் இத்தடையில் சாயத் தேநீருக்கு ஏறக்குறையச் சமமாயிருந்ததைக் காட்டியது. இரத்தச்சோகையுள்ள பெண்களும் கருவுற்றோரும் சோற்றோடோ ரொட்டியோடோ இதைப் பருகாது, உண்டபின் ஒரு மணிநேரமேனும் கழித்துப் பருகுதல் வேண்டும். நெஞ்செரிச்சல் உள்ளோர்க்கு இஃது அதனை மிகுவிக்கலாம். கைக்குழந்தைக்குக் கொடுத்தலாகாது. சளியால் மூச்செடுக்கச் சிரமப்படும் பிள்ளையைப் புதினா நீர் கொடுத்து வீட்டில் வைத்திராது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

பிரித்து நட்ட மாதத்தைத் தொட்டியின் வெளிப்புறத்திற் கரியால் எழுதி வைத்தால், அடுத்த பிரிப்புக்குரிய காலம் தவறாது.