நீலகிரிச் செம்மறியும் குடும்பப் பண்ணையும்

தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைவாசிகள் சுமைக்கு லாமாவையும், ரோமத்திற்கு அல்பாக்காவையும் வளர்த்துக் குடும்பம் நடத்துகின்றனர். கோத்தகிரிக் குடியானவர்கள் குளிருக்கேற்ற ரோமப் பிராணியை நாடிக் கடல் கடக்கவேண்டுவதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் மெரினோ, செவியட், சௌத்டௌன் கிடாக்கள் கோயமுத்தூர்ச் செம்மறிகளோடு கலந்து உண்டான நீலகிரிச் செம்மறி நம்மிடமே உள்ளது.

இது பெரும்பாலும் வெண்ணிறம். சிலவற்றின் முகத்தில் பழுப்புத் திட்டுகள் காணப்படும். காதுகள் அகன்று தொங்கும். பெட்டைக்குக் கொம்பில்லை. ரோமம் மென்மையானது. எனினும் புல்வெளிகள் தேயிலைக்கும், சீகை, தைல மரங்களுக்கும் இடங்கொடுத்தமையால் இவ்வினம் மிகக் குறைந்துவிட்டது. உதகமண்டலத்தை அடுத்த சாண்டிநல்லாவிலுள்ள செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இதனைப் பேணி வருகின்றது.

ரோமத்தை மட்டும் நம்பி இத்தொழிலில் இறங்குவது புத்திசாலித்தனமன்று. குட்டியும் எருவுமே முக்கிய வரும்படி. உருளைக்கிழங்கு, காரட் பயிரிடுவோர் எருவின் அருமையை அறிவார்கள். ரோமத்தை ஆண்டுக்கு இருமுறை, மழையில்லா நாட்களில் கத்தரிக்கலாம். கத்தரித்த ஆட்டைக் குளிர்காற்றில் விடலாகாது.

இம்மலையில் ஆட்டிற்குப் பெரும் சத்துரு ஈரமே. கொட்டிலின் தளத்தைத் தரையினின்று உயர்த்தி, எரு கீழே விழும்படி சட்டங்களிடையே சிறிது இடைவெளிவிட்டு அமைக்கவேண்டும். குளம்பழுகல் கண்டால், பத்து லிட்டர் நீருக்கு ஒரு கிலோ வீதம் துத்தநாக சல்பேட்டைக் கரைத்து, அதில் குளம்புகள் நனையுமாறு ஆடுகளை நிறுத்துக. மயில்துத்தமும் பயன்படுமெனினும், செம்மறிக்குத் தாமிரம் எளிதில் விஷமாகும். அக்கரைசலைக் குடித்துவிடாதபடி காக்கவேண்டும். மாட்டுக்கென விற்கப்படும் தாதுக்கலவையை ஆட்டுக்கு இடாமைக்கும் காரணம் இதுவே.

ஈர மேய்ச்சலில் இரத்தமுறிஞ்சும் இரைப்பைப் புழு பெருகும். நீலகிரி இனம் இதனை ஓரளவு தாங்கும். ஆயினும் கீழ் இமையை விலக்கிப் பார்க்கும் பழக்கம் நன்று. இமையின் உட்புறம் சிவந்திருந்தால் கவலையில்லை; வெளிறியிருந்தாலோ, தாடையின்கீழ் நீர் கோத்திருந்தாலோ தாமதியாது கால்நடை மருத்துவரிடம் காட்டுக. மந்தை முழுமைக்கும் அடிக்கடி மருந்து புகட்டுவது வீண்செலவு மட்டுமன்று. மருந்துக்கு அடங்காத புழுக்களையே அது மிஞ்சச் செய்யும்.

உண்ணிச்செடி மண்டிய இடங்களில் மேயவிடாதீர். அதன் தழை ஈரலைக் கெடுத்து, வெயில்பட்ட தோலைப் புண்ணாக்கும். களைக்கொல்லி தெளித்த தேயிலைத் தோட்டத்திலும் விடலாகாது. சிறுத்தையும் செந்நாயும் திரியும் மலையாதலால், இரவில் உறுதியான கதவுள்ள கொட்டிலில் அடைப்பது அவசியம்.

சினைக்காலம் ஏறக்குறைய 150 நாட்கள். கடுமழையில் குட்டி பிறவாதபடி நாளைக் கணக்கிட்டுக் கிடாவைச் சேர்க்கவேண்டும். சிறு மந்தையில் ஒரே கிடாவை நெடுங்காலம் வைத்திருந்தால், அது தன் பெண்குட்டிகளையே சேர்ந்து வம்சம் நலிவுறும். ஆதலின் அண்டை ஊராரோடு கிடாவை மாற்றிக்கொள்க. மாற்றும் கிடா கலப்பற்ற நீலகிரி இனத்ததா என்பதை முன்னரே விசாரித்தறிதல் வேண்டும்.